படிவம் பதினேழு

மாதத்தின் முதல் வியாழன், காசிமேடு.
என் வேலை வாங்குவதல்ல,
கேட்பது.
வஞ்சிரம் கிலோ என்ன, நெத்திலி என்ன,
நடுத்தர இறால் என்ன.
நீல மை. அடித்தல் திருத்தல் கூடாது.
இதெல்லாம் கூடித்தான்
டெல்லியில் ஒரு குறியீட்டெண் அரைப்புள்ளி ஏறும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.

ஷேர் ஆட்டோ இறக்கிவிடும்போது மணி நாலரை.
ஐஸ் உடைக்கும் சத்தம்தான் இங்கே சேவல்.
டீசல், உப்பு, ஈரச் சணல், யாரோ கொளுத்திய ஊதுபத்தி.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு கூடைக் கண்கள்
ஒரே திசையில் பார்க்கின்றன.

முதல் மாதம் யாரும் பதில் சொல்லவில்லை.
வாங்காதவனுக்கு விலை எதற்கு?
"இன்னா சார், மீனைப் பேட்டி எடுக்கறியா?"
என் செருப்பு மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப்
போனார் ஒருவர்.

பரிபூரணம் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.
"விலை உனக்கா, கவர்மெண்ட்டுக்கா?"
இரண்டும் ஒன்றுதானே என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
கூடையில் ஏறிக்கொண்டிருந்த நண்டு
கீழே விழுந்தது.

ஒன்றில்லை.
ஏலம் முடிந்த கையோடு ஒரு விலை.
வெயில் ஏறி ஈ மொய்க்கையில் ஒரு விலை.
காரை விட்டு இறங்கும்போதே மூக்கைப் பொத்துகிறவருக்கு ஒன்று.
செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒன்று.
மருமகளுக்குப் பிரசவம், பால்சுறா வேணும் என்று
முந்தானை முடிச்சைத் தடவி நிற்கிற பெண்ணுக்கு
விலையே இல்லை:
"எடுத்துனு போ, அப்பால பாத்துக்கலாம்."

என் கட்டம் ஒன்றே ஒன்று.
அதில் நாலு இலக்கம் கொள்ளும்.

ஜாம்பஜாரில் கலீமுல்லாவிடம்
கறிவேப்பிலை விலை கேட்டேன்.
வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்பதுபோல் பார்த்தார்.
"அதுக்கு யாருங்க காசு வாங்குவா?"
வரிசை எண் முப்பத்து நாலு என்றேன்.
சைபர் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றேன்.
யோசித்துவிட்டு
ஒரு கொத்தை என் பைக்குள் திணித்தார்.
"இதையே ஒட்டி அனுப்புங்க."

பர்மா பஜாரில் நான் வாயே திறக்கவில்லை.
எண்ணூறு ரூபாய் சார்ஜர்
நான் மணி பார்த்ததில் நானூறு ஆனது.
நாலடி நடந்தேன், நூற்றைம்பது.
படிகள் முடியும் இடத்தில்
"சரி, நீயே ஒரு வெல சொல்லு" என்றது ஒரு குரல்.
என்னை அதுவரை யாரும்
அப்படிக் கேட்டதில்லை.

மே மாதம்.
தடைக்காலம். விசைப்படகெல்லாம்
தோளோடு தோள் உரசிக்
கயிற்றில் கிடக்கின்றன.
பரிபூரணம் கருவாட்டுக் கூடையோடு நிழலில் இருந்தாள்.
"இந்த மாசம் இன்னா எழுதுவ?"
"கிடைக்கவில்லை. அதற்கு ஒரு குறியீடு இருக்கு."
"கெடைக்கலயா?"
கடல் பக்கம் தலையைத் திருப்பினாள்.
"வளந்துனு கீதுன்னு எழுது."

எழுதவில்லை.
எழுத இடம் இருந்தது, குறிப்பு என்ற பகுதி,
இரண்டு வரி.
ஏழு வருடமாக நானும் அதைக் காலியாகவே அனுப்புகிறேன்.

ஜூலையில் முதன்முறையாக வாங்கினேன்.
ஒரு கூறு சங்கரா.
பேரம் பேச வரவில்லை எனக்கு.
கேட்ட பணத்தை நீட்டினேன், திட்டினாள்,
ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தாள்,
ஒரு கை காரப்பொடியை அள்ளி மேலே போட்டாள்.
அந்த ஒரு கைக்குப் படிவத்தில் எங்கே இடம் என்று
பஸ் முழுக்கத் தேடினேன்.
பை ஒழுகியது.

மறுநாள் அலுவலகம்.
கண்காணிப்பாளர் தணிகைவேல்
படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
மூலையில் கறை. நீல மை கடலாய்ப் பரவி
இறால் விலை மூழ்கியிருந்தது.
திட்டுவார் என்று நின்றேன்.
காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார்.
கதவைப் பார்த்துவிட்டு, மெல்ல:

"சங்கராவா?
கிலோ என்ன சொல்றாங்க?"

"யாருக்கு சார்?"
என்றேன்.